கணுவில் திரும்பும் கத்தி

கூடையைக் கையில் எடுக்கிறவர்கள் பின்னலைத்தான் மெச்சுவார்கள். எனக்குப் பிளப்புதான் கண்ணில் படும். கோலா கெத்தில் தோட்டத்து லயத்து வாசலில் தாத்தா மூங்கில் பிளப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

மலேசியாவின் கெடாவில், கெத்தில் ஆறு மூடா ஆற்றில் போய்ச் சேரும் ஊர் இது. தாத்தா ஆற்றோரத்துப் புதரில் மூன்று வயது தாண்டிய கழியாகப் பார்த்து வெட்டுவார். இளங்கழி காய்ந்ததும் சுருங்கும். பின்னல் தொளதொளத்துப் போகும். வெட்டியதைக் கொஞ்ச நாள் ஆற்றில் ஊறப்போடுவார். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துதான் துளைக்கும் வண்டை இழுக்கிறது. ஓடும் தண்ணீர் அந்தச் சத்தைக் கரைத்துவிடும்.

பிறகு நுனியில் பாராங் கத்தியை வைத்து ஒரு தட்டு. வாய் திறந்ததும் கத்திக்குப் பெரிதாக வேலையில்லை, இரண்டு கையும்தான் இழுக்கும். ஒரு பாதி தடித்து மறுபாதி மெலிந்தால், தடித்ததை அதிகமாக வளைப்பார். வெடிப்பு அந்தப் பக்கமே திரும்பிவிடும். கணு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். நான் பரபரத்தால், "இழுக்காதடா, அது போற வழியில விடு" என்பார். பச்சைப் புறணிச் சிம்பு கூடைக்கு. உள்சதை அடுப்புக்கு. விளிம்பைக் கட்ட ரொத்தான் பிரம்பு.

பிளந்து பின்னுவது எங்கள் ஊரில் மட்டுமல்ல. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 'ஸ்வில்' என்றொரு கூடை. ஓக் கட்டையைப் பல மணி நேரம் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் நார் ஓடும் வழியே கிழித்துப் பின்னுவது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காரர்கள் வெள்ளை ஓக்கைப் பச்சையாகவே கிழிக்கிறார்கள். மரம் எதுவானாலும் அறுத்தால் நார் அறுபடும். பிளந்தால் முழுசாக நிற்கும். கூடையின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. மரத்தை அடியிலிருந்து பிள, மூங்கிலை நுனியிலிருந்து பிள என்பது ஜப்பானியர் வழக்கு. தாத்தா அறிந்த ஜப்பான், 1941 டிசம்பரில் கெடாவுக்குள் நுழைந்த படை மட்டுமே. ஆனால் அவரும் நுனியில்தான் கத்தி வைத்தார்.

தோட்டத்தில் ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பெண்கள் அதன் ஓலையிலிருந்து ஈர்க்கு சீவித் துடைப்பம் கட்டினார்கள். கூடை பிளாஸ்டிக் ஆனது. ஈர்க்கு சீவும் கைக்கு மூங்கில் பிடிபடாதா என்ன? சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும்போது கேட்காமல் விட்டது எங்கள் தலைமுறை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

போன வருஷம் அதே பாராங்கை எடுத்து ஒரு கழியைப் பிளந்து பார்த்தேன். மூன்று கணு ஒழுங்காக ஓடியது. நான்காவதில் வெடிப்பு ஓரத்துக்கு ஓடி வெளியே வந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் பக்கத்தில், வெங்காயம் நிறைந்து, தாத்தாவின் கூடை.