கடைசி சீட்டின் குலுக்கல்

பேருந்தின் கடைசி சீட்டில் உட்கார்ந்தவரை மட்டும் வேகத்தடை ஏன் அப்படித் தூக்கிப் போடுகிறது? விடை, வீல்பேஸில் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்துக்குத்தான் அந்தப் பெயர். பின்சக்கரம் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் சமதரையில் இருக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள சீட்டு ஏறக்குறைய பாதி உயரம்தான் எழும்பும். கடைசி வரிசையோ பின் அச்சையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சீசா பலகையின் நுனி மாதிரி, சக்கரம் ஏறிய உயரத்தைவிடக் கூடுதலாகவே அது எழும்பும். அப்புறம் தொப்பென்று இறங்கும். வீல்பேஸ் நீளமாக இருந்தால் பயணம் சொகுசு. ஆனால் வண்டி திரும்ப இடம் நிறைய வேண்டும். சின்னச் சந்திலும் ஆட்டோ சட்டென்று வளைவதற்கு அதன் குட்டையான வீல்பேஸும் ஒரு காரணம். முதுகுவலிக்காரர்களுக்கு ஏற்றது, பேருந்தின் நடு சீட்டுதான்.