மூங்கில் வீட்டில் ஒரு காவல்கார அப்பா



தவளையின் வாழ்க்கையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தண்ணீரில் முட்டை, பிறகு தலைப்பிரட்டை, அப்புறம் தவளை. நானும் பல வருடங்கள் கரும்பலகையில் அப்படித்தான் படம் வரைந்தேன். ஆனால் தலைப்பிரட்டையே இல்லாமல் பிறக்கும் தவளையும் உண்டு தெரியுமா?

திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காடு–முண்டந்துறை காட்டில் அது வாழ்கிறது. பெயர் வெண்புள்ளிப் புதர்த்தவளை. நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான்! 1870-களில் விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் சூட்டினார்கள். அதன்பின் நூறு வருடத்துக்கும் மேலாக யார் கண்ணிலும் படவில்லை. 2011-ல்தான் மறுபடி கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள்.

இதன் வீடு எது தெரியுமா? நாணல் போல மெலிந்த மூங்கில்! பூச்சிகளோ எலிகளோ மூங்கிலில் சிறு ஓட்டை போட்டுவிடும். மழைக்காலத்தில் ஆண் தவளை அதன் வழியே உடலை நெருக்கி உள்ளே நுழைந்து குரல் கொடுக்கும். பெண் தவளை வந்து, உட்சுவரில் ஐந்து முதல் எட்டு முட்டைகள் இட்டுவிட்டுப் போய்விடும்.

அதன்பின் காவல் முழுக்க அப்பாவின் பொறுப்பு. இரை தேடச் சிறிது நேரம்தான் வெளியே போகும். முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, குட்டித் தவளைகளாகவே அவை வெளியே வரும்!

அப்பா காவல் இருப்பது அவசியம்தானா? ஆராய்ச்சியாளர் சேஷாத்ரியும் அவருடைய குழுவினரும் சில மூங்கில்களில் இருந்த அப்பா தவளையை அகற்றிப் பார்த்தார்கள். பல முட்டைகள் பறிபோயின. தின்றது யார்? பாம்பு அல்ல, அதே இனத்து வேறு ஆண் தவளைகள்! 2018-ல் இந்த ஆய்வு வெளிவந்தது.

இந்த மூங்கிலைக் கூடை முடையவும் காகிதம் செய்யவும் மனிதர்கள் வெட்டுகிறார்கள். முட்டைக்காலத்தில் ஒரு தண்டை வெட்டினால், உள்ளே இருக்கும் குடும்பமும் சேர்ந்தே போய்விடும். வெட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

எதிரியை விரட்டி நிற்கும் அந்த அப்பாவால் அரிவாளைத் தடுக்க முடியாதே! அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான், இல்லையா?