அஸ்ரோல் வேரும் கர்னல் சோப்ராவும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரவுப் பணி பார்க்கும் ஒருவர், நம் மாணவர் ஒருவரின் தந்தை, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். கையில் சிறு பொட்டலம் ஒன்று. "ஹஜ்ரத், இதில் போட்டிருக்கிற பெயர் நம்ம கிதாபுகளில் இருக்கிறதா?" என்று வினவினார். பொட்டலத்தின் மீது 'அஸ்ரோல்' என அச்சிடப்பட்டிருந்தது. இரத்த அழுத்தத்திற்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்று மாதமாக இவ்வேர்த்தூளை உண்டு வருகிறாராம். மூக்கு எந்நேரமும் அடைத்துக்கொள்கிறது, காரணமின்றி மனம் கனக்கிறது, பிள்ளைகளோடு பேசவும் விருப்பமில்லை என்றார். ஆயினும் தூளின் மீது அவருக்கு ஐயமில்லை. மூலிகை தீங்கு செய்யாது என்பது அவரது முடிவு.

அரபு கற்பிப்பது வேறு, நாடி பார்ப்பது வேறு என்பதை முதலில் அவரிடம் தெளிவாகக் கூறி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுமாறு வேண்டினோம். பின்னர் அவ்வேரின் வரலாற்றைத் தேடப் புகுந்தோம். அது நம்மைக் கும்மிடிப்பூண்டி வழியே செல்லும் நெடுஞ்சாலையின் மறுமுனைக்கு, கொல்கத்தாவுக்கு இட்டுச் சென்றது. இந்திய மருந்தியலின் தந்தை எனப்படும் கர்னல் சர் ராம் நாத் சோப்ரா தம் வாழ்நாள் ஆய்வை நடத்திய நகரம் அது.

சோப்ரா 1882இல், இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரான்வாலாவில் பிறந்தார். லாகூரிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் வால்டர் டிக்சன். நரம்பு தன் கட்டளையைத் தசைக்கு ஏதோ ஒரு வேதிப்பொருளின் வாயிலாகவே கடத்துகிறது என்ற கருத்தை, ஏறத்தாழ எவரும் ஏற்காத 1907ஆம் ஆண்டளவிலேயே முன்வைத்தவர் அவர். 1908இல் சோப்ரா இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். உலகப் போரில் பணியாற்றிய பின், 1921இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் முதல் மருந்தியல் பேராசிரியரானார்.

அந்த 1921 கவனிக்கத்தக்க ஆண்டு. ஆட்டோ லோவி என்பவர் தவளை இதயங்கள் இரண்டைக் கொண்டு டிக்சனின் ஊகத்தை மெய்ப்பித்தது அவ்வாண்டில். ஹகீம் அஜ்மல் கானின் டில்லி திப்பிய்யாக் கல்லூரியைக் காந்தியடிகள் திறந்து வைத்ததும் அவ்வாண்டில். சென்னை மாகாண அரசு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய, நம் தமிழகத்து முகம்மது உஸ்மான் சாஹிப் தலைமையில் குழு அமைத்ததும் அவ்வாண்டிலேதான். பின்னாளில் சென்னையின் தற்காலிக ஆளுநராகவும் விளங்கிய அப்பெருமகனாரின் குழு 1923இல் தந்த அறிக்கையின் பயனாகவே, சித்த, ஆயுர்வேத, யூனானி முறைகளைக் கற்பிக்கும் இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் தோன்றிற்று. இதை நம்மவர் பலர் மறந்தே போயினர்.

இனி சோப்ராவின் ஆய்வுமுறையைச் சற்று விரிவாகக் காண்போம். நம் உடலில் கை கால்களை இயக்கும் தசைகள் நம் விருப்பத்திற்குப் பணிவன. குடல், மூச்சுக்குழல், இரத்தக் குழாய், கருப்பை, கண்ணின் பாவை ஆகியவற்றில் உள்ள மென்தசைகளோ நம்மைக் கேட்பதில்லை. அவற்றை ஆள்பவை இருவகை நரம்புகள். பரிவு நரம்பு நார்அட்ரினலின் என்னும் பொருளையும், எதிர்ப்பரிவு நரம்பு அசிட்டைல்கோலின் என்னும் பொருளையும் தம் நுனிகளிலிருந்து உமிழ்கின்றன. ஒன்று இறுக்கும் இடத்தில் பெரும்பாலும் மற்றது தளர்த்தும். ஒரு மூலிகை இவற்றில் எதைத் தொடுகிறது என்று அறிவது எங்ஙனம்?

அக்கால ஆய்வகங்களில் விலங்கின் குடல் துண்டொன்றை, உடற்சூட்டில் வைத்த உப்புக் கரைசலில் தொங்கவிடுவர். கரைசலில் உயிர்வளிக் குமிழிகள் இடையறாது எழும். உடலைவிட்டுப் பிரிந்த அத்துண்டு மணிக்கணக்கில் தானாகவே சுருங்கி விரியும். அதன் ஒரு முனையை மெல்லிய நெம்புகோலில் கட்டினால், சுழலும் உருளை மீது ஒட்டிய கரி படிந்த தாளில் அதன் அசைவு வெண்கோடாகப் பதியும். கரைசலில் ஒரு துளி மருந்திட்டதும் கோடு உயர்கிறதா, தாழ்கிறதா, எத்தனை நொடியில், கழுவினால் மீள்கிறதா என்று பார்ப்பர். ஊமத்தைச் சத்தான அட்ரோபினை முன்னதாக இட்டுவிட்டால், வழக்கமான அளவு அசிட்டைல்கோலினுக்குத் தசை இறுகாது. இவ்வாறு ஒன்றைக் கொண்டு ஒன்றைத் தடுத்து, மருந்து தைக்கும் இடத்தைக் கண்டறிவர்.

நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஆடாதோடை சோப்ராவின் முதற்கட்ட ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. கோஷ் என்பாருடன் சேர்ந்து 1925இல் அவர் வெளியிட்ட ஆய்வில், அதன் வாசிசின் என்னும் சத்து மூச்சுக்குழலை ஓரளவே தளர்த்துகிறது எனக் கண்டார். பாட்டிமார் சொன்னது பொய்யன்று. ஆனால் சொன்ன அளவுக்கும் இல்லை! இன்று சளியை இளக்கத் தரப்படும் புரோம்ஹெக்சின் அவ்வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு பிறந்ததே. வடமேற்கு மலைகளில் வளரும் எபிட்ராச் செடிகளையும் அவர் ஆராய்ந்தார். ஆஸ்துமாவுக்குப் பயன்பட்ட எபிட்ரின் பரிவு நரம்பின் வேலையைப் போலியாகச் செய்யும் பொருள்.

அரபு மருத்துவ நூல் பயின்றோர்க்கு இம்முறை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. இப்னு ஸீனா தம் 'அல்-கானூன்' இரண்டாம் நூலில், மருந்தின் குணத்தை அனுபவத்தால் அறிவதற்கு விதிகள் வகுத்துள்ளார். மருந்தில் வேற்றுக் குணம் கலந்திருக்கலாகாது, விளைவு தோன்றும் காலத்தைக் கவனிக்க வேண்டும், அது எப்போதும் மீண்டும் நிகழ வேண்டும், சோதனை மனித உடலில் நடைபெற வேண்டும் என்பன அவற்றுட் சில. நெம்புகோலும் உருளையும் அவரிடம் இல்லை. கேள்விகள் இருந்தன.

இப்போது அஸ்ரோலுக்கு வருவோம். வடமொழியார் சர்ப்பகந்தா என்றும், தமிழ் மருத்துவர் சிவன் அமல்பொடி என்றும் வழங்கும் செடியின் வேர் இது. இந்திய ஹகீம்கள் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் இதைத் தந்து வந்தனர். அஜ்மல் கானின் தூண்டுதலால் திப்பிய்யாக் கல்லூரி ஆய்வகத்தை உருவாக்கிய வேதியியலறிஞர் ஸலீமுஸ்ஸமான் சித்தீகி, 1931இல் ரஃபத் ஹுஸைன் சித்தீகியுடன் இணைந்து இவ்வேரிலிருந்து ஐந்து காரச் சத்துகளைப் பிரித்தார். ஒன்றுக்கு, அதற்குள் மறைந்துவிட்ட தம் ஆதரவாளர் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். இதயத்துடிப்பின் ஒருவகைக் கோளாற்றைக் கண்டறியும் சோதனையில் அப்பெயர் இன்றும் ஒலிக்கிறது. அதே 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இவ்வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினர். 1933இல் சோப்ரா குழுவினர் அதன் சத்தை விலங்குகளில் சோதித்து, அழுத்தம் இறங்குவதைக் காட்டினர். சோப்ராவின் 'இந்திய நாட்டு மருந்துகள்' என்னும் பெருநூல் வெளிவந்ததும் அவ்வாண்டே.

மேலுலகம் விழித்தது பிறகுதான். மும்பையின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் தம் நோயாளிகளிடம் கண்ட பயனை வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரின் முதன்மைச் சத்தான ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். அது செய்வது என்ன? நரம்பு நுனியில் நார்அட்ரினலின் நுண்ணிய பைகளில் சேமிக்கப்படுகிறது. ரெசர்பின் அப்பைகளின் வாயிலை அடைத்துவிடுகிறது. வெளியே நின்றுவிட்ட சரக்கு அழிகிறது. கட்டளை வருகிறது, கொண்டு செல்லத் தூதன் இல்லை. இரத்தக் குழாயின் மென்தசை தளர்கிறது, அழுத்தம் தாழ்கிறது. மூக்கின் உட்புறக் குழாய்களும் அவ்வாறே தளர்ந்து வீங்க, மூக்கு அடைக்கிறது. மூளைக்குள் செரட்டோனினும் டோபமினும் இதே முறையில் வற்றுவதால் சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு வருகிறது. 1950களிலேயே மருத்துவர் இதைக் கண்டு அஞ்சினர். புதுப் பைகள் உருவானாலன்றிச் சேமிப்பு மீளாது. ஆகவே மருந்தை நிறுத்திய பின்னும் விளைவு நாள்கணக்கில் நீடிக்கும். (ரெசர்பின் தந்து அசைவற்றுப்போன முயல்களை எல்-டோபா கொடுத்து எழச்செய்த ஆர்விட் கார்ல்சன் 2000இல் நோபல் பரிசு பெற்றார், பார்க்கின்சன் நோய் மருத்துவம் அவ்வழியே வந்தது.)

நம்மிடம் வந்த அன்பரின் மூக்கும் மனமும் ஒருசேர அடைபட்டதன் காரணம் பெரும்பாலும் இதுவே எனலாம். அவர் உண்டது உண்மையான அஸ்ரோலாக இருப்பின் அவ்வாறே நேர வேண்டும். இல்லாவிடினோ, அது வேறு கதை.

அந்த வேறு கதைதான் சோப்ராவின் வாழ்வில் மறுபாதி. சந்தையில் குவிந்திருந்த கலப்பட, போலி மருந்துகளை விசாரிக்க 1930இல் அமைந்த குழுவுக்கு அவரே தலைவர். அதன் பரிந்துரையின் நீண்ட விளைவே 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம். சித்த, ஆயுர்வேத, யூனானி மருந்துகள் அதன் வரம்புக்குள் தனி அத்தியாயமாக வந்ததோ 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். பின்னாளில் நாட்டு மருத்துவ முறைகள் குறித்த அரசுக் குழுவுக்கும் சோப்ரா தலைமை தாங்கி 1948இல் அறிக்கை தந்தார். காஷ்மீர், ஜம்மு ஆய்வகப் பணியில் முதுமையைக் கழித்து 1973இல் மறைந்தார்.

சத்தைத் தனியே பிரித்தால் வேரின் இயல்பு கெடுகிறது என்று ஹகீம்கள் சோப்ரா போன்றோர் மீது கூறிய குறையை நாம் முற்றிலும் தள்ளவில்லை. முழு வேரில் பல சத்துகள் ஒன்றையொன்று தணிக்கவும் கூடும். ஆனால் தேர்ந்த ஹகீம் நோயாளியின் முகத்தைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைத்தார். பேருந்து நிலையத்துப் பொட்டலத்துக்கு யார் முகமும் தெரியாது.

மருத்துவமனையில் தூளை நிறுத்தச் சொல்லி, அழுத்தத்தை அளந்து, மீண்டும் மாத்திரை தந்தனர். மூக்கு இரண்டு வாரத்தில் தெளிந்தது. மனம் தெளிய இன்னும் நாளாயிற்று. பொட்டலத்தை அவர் நம்மிடமே விட்டுச் சென்றார். நிதானமாகப் படித்துப் பார்த்தோம். அஸ்ரோல் என்ற பெயரும், ஒரு பச்சை இலைப் படமும், விலையும் இருந்தன. உரிம எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதும் இல்லை.