சமூக வலைத்தொழில்நுட்பங்களும் ஆட்சியில் குடிமக்கள் பங்கேற்பும்: மூன்று கலந்தாய்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அரசின் கொள்கை வரைவுகள் குறித்துக் குடிமக்கள் தம் கருத்தைத் தெரிவிப்பதற்கு மின்னஞ்சல், சமூக ஊடகம், இணையக் கருத்தாய்வுத் தளம் ஆகியவை இன்று பெரிதும் பயன்படுகின்றன. வந்து குவியும் கருத்துரைகளின் எண்ணிக்கையையே பங்கேற்பின் அளவுகோலாகக் கொள்ளும் போக்கும் உள்ளது. இந்தியாவில் 2015-16இலும் 2020இலும், தைவானில் 2015இலும் நடைபெற்ற மூன்று கலந்தாய்வுகளை ஒப்பிட்டு, தொகுப்புமுறை, மொழி, விடையளிக்கும் கடமை ஆகிய மூன்றுமே பங்கேற்பின் தரத்தை உறுதி செய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குடிமக்கள் பங்கேற்பு, சமூக வலை, கலந்தாய்வு, இணையச் சமத்துவம், ஆட்சிமொழி.

முன்னுரை

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வெளியிட்ட கட்டுரையில் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். கீழ் இரண்டு படிகளில் பங்கேற்பே இல்லை. தகவல் தெரிவித்தல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்தல் ஆகிய இடை மூன்று படிகள் பெயரளவிலான பங்கேற்பு. மேல் மூன்று படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் மக்களுக்குப் பங்கு கிடைக்கிறது. சமூக வலைத்தொழில்நுட்பங்கள் கருத்துக் கேட்டலை எளிதாகவும் மலிவாகவும் ஆக்கியுள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை மக்களை அடுத்த படிக்கு உயர்த்துகின்றனவா என்பதே இங்கு எழும் வினா.

எண்ணிக்கையும் கருத்தும்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2015 மார்ச் 27 அன்று இணையவழிச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது குறித்த கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அவ்வறிக்கை 20 வினாக்களை முன்வைத்தது. எல்லா இணையத்தளங்களையும் வேறுபாடின்றி நடத்த வேண்டும் என்னும் இணையச் சமத்துவக் கொள்கைக்கு ஆதரவான தன்னார்வலர்கள், அவ்வினாக்களை எளிமைப்படுத்தி, மாதிரி விடைகளுடன் ஓர் இணையத்தளம் அமைத்தனர். சமூக ஊடகங்கள் வழியே அது பரவியது. ஒரு மாதத்திற்குள் 10 லட்சம் அளவிலான மின்னஞ்சல்கள் ஆணையத்தைச் சென்றடைந்தன. ஆணையம் அவற்றை அனுப்பியோரின் மின்னஞ்சல் முகவரிகளுடன் வெளியிட்டமை, பங்கேற்றோரின் அந்தரங்கம் குறித்த கேள்வியையும் எழுப்பியது.

அதே ஆண்டு டிசம்பரில் தரவுச் சேவைகளுக்கான வேறுபட்ட கட்டணம் குறித்து ஆணையம் மீண்டும் கருத்துக் கேட்டது. இம்முறை ஃபேஸ்புக் நிறுவனம் தனது ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு ஆதரவான ஆயத்த வாசகத்தைத் தன் பயனர்கள் வழியே லட்சக்கணக்கில் அனுப்பச் செய்தது. அவ்வாசகம் கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடையளிக்கவில்லை. கலந்தாய்வைத் திட்டமிட்டுத் திரட்டிய பெரும்பான்மைக் கருத்துக்கணிப்பாகச் சுருக்கும் முயற்சி இது என்ற பொருளில் ஆணையம் 2016 ஜனவரியில் அந்நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தின் அடிப்படையில் வேறுபட்ட கட்டணம் விதிப்பதைத் தடை செய்யும் ஒழுங்குமுறை விளக்கக் குறிப்புடன் வெளிவந்தது.

முந்தைய மின்னஞ்சல்களிலும் பெரும்பகுதி ஆயத்த வாசகமே என்பதை இங்கு மறத்தலாகாது. அவை வினாக்களுக்கு விடையாக அமைந்திருந்தன என்பதே வேறுபாடு. ஆகவே எண்ணிக்கையை மட்டும் கணக்கிடும் முறை, பெருந்தளங்களை உடைமையாகக் கொண்ட நிறுவனங்களுக்கே சாதகமாக முடியும்.

கருத்துக் கேட்பின் மொழி

2020ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, திட்டங்கள் குறித்துப் பொதுமக்கள் கருத்துத் தெரிவிப்பதற்கான காலத்தை 30 நாள்களிலிருந்து 20 நாள்களாகக் குறைக்க முன்மொழிந்தது. இவ்வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிடப்பட்டது. நடைமுறையிலிருந்த 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையோ, தனித்தனித் திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும் என்று கூறுகிறது. தம் ஊரில் அமையவுள்ள ஆலை குறித்துத் தமிழில் படிக்கும் உரிமை பெற்ற ஒருவருக்கு, அவ்வுரிமையை வரையறுக்கும் விதியே மாறவிருப்பதைத் தமிழில் அறிய வழியில்லை.

கருத்துகள் மின்னஞ்சலில் பெறப்பட்டன. அதாவது தொழில்நுட்பத் தடை இல்லை. இருந்தது மொழித் தடை. 2020 ஜூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் வரைவை மொழிபெயர்க்கவும், கருத்துரைக்கான காலத்தை ஆகஸ்டு 11 வரை நீட்டிக்கவும் உத்தரவிட்டது. ஆட்சிமொழிச் சட்டப்படி ஆங்கிலமும் இந்தியுமே போதும் என்பது நடுவண் அரசின் நிலைப்பாடாக இருந்தது. தன்னார்வலர்கள் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சுருக்கங்களை உருவாக்கிச் சமூக ஊடகங்களில் பரப்பினர். அரசு செய்ய வேண்டிய பணியைக் குடிமக்கள் தாமே மேற்கொண்டதற்கு இது சான்றாகும்.

தைவானின் தொகுப்புமுறை

தைவானில் 2014ஆம் ஆண்டின் சூரியகாந்தி இயக்கத்துக்குப் பின்னர், பொதுநலன் கருதிய நிரலாளர்களும் அரசும் இணைந்து ‘விதைவான்’ என்னும் கலந்தாய்வு முறையை உருவாக்கினர். 2015இல் ஊபர் வாடகைக் கார் சேவை குறித்த விவாதத்தில் ‘போலிஸ்’ என்னும் கருத்துத் தொகுப்பு மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. இதில் பங்கேற்பவர் ஒரு கூற்றை முன்வைக்கலாம். பிறர் கூற்றை ஏற்கலாம், மறுக்கலாம், கடந்து செல்லலாம். ஆனால் அதற்கு நேரடியாக மறுமொழி எழுத இயலாது. எனவே தனிமனிதச் சண்டைக்கு இடமில்லை. வாக்களித்த பாங்கை வைத்து மென்பொருள் ஒத்த கருத்துடையோரைக் குழுக்களாகப் பிரிக்கிறது. எதிரெதிர்க் குழுக்களும் ஏற்கும் கூற்றுகள் வெளிப்படுகின்றன. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினாலும் அது ஒரு கூற்றாகவே நிற்கும்.

இவ்வாறு வெளிப்பட்ட கூற்றுகளை முன்வைத்து நிறுவனத்தினர், வாடகைக் கார் ஓட்டுநர் சங்கத்தினர், அதிகாரிகள் ஆகியோர் நேரலையில் விவாதித்தனர். 2016இல் வாடகைக் கார் விதிகள் திருத்தப்பட்டன. எனினும் விதைவானின் முடிவுகள் அரசைக் கட்டுப்படுத்துவன அல்ல. பின்னாளில் அதன் பயன்பாடும் குறைந்தது. அரசு நடத்தும் ‘ஜாயின்’ தளத்தில் இக்குறை ஓரளவு களையப்பட்டுள்ளது. ஒரு கோரிக்கைக்கு 60 நாள்களில் 5,000 பேர் ஆதரவளித்தால் உரிய துறை எழுத்துவடிவில் விடையளித்தாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, கருத்துரைகளை எண்ணுவதினும் அவற்றின் உள்ளடக்கத்தை வகைப்படுத்தித் தொகுத்தல் வேண்டும். இரண்டாவது, கருத்துக் கேட்கும் மொழியே பங்கேற்போர் யார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. மூன்றாவது, விடையளிக்கும் கடமை இல்லாத கலந்தாய்வு, ஆர்ன்ஸ்டீன் குறிப்பிடும் பெயரளவுப் படியிலேயே தங்கிவிடுகிறது.

சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள்கள் பொதுவெளியில் வைக்கவும், பெற்ற கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தளத்தில் வெளியிடவும் நடுவண் அரசின் 2014ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது. அது சட்டமன்று, நிருவாக நெறிமுறை மட்டுமே. அதற்குச் சட்டத் தகுதி அளித்து, மாநில மொழிகளில் வெளியிடுவதையும், கருத்துகளை ஏற்றமைக்கும் மறுத்தமைக்கும் காரணம் கூறுவதையும் கட்டாயமாக்குதல் வேண்டும். இவை நிறைவேறும்போதுதான் தமிழில் எழுதும் ஒருவரின் கருத்துரையும் முடிவெடுப்பவரின் மேசையைச் சென்றடையும்.