பலகை போதுமா? பூட்டு வேண்டும்!

வீடு பற்றி எரியும்போது அணைக்க வராவிட்டாலும் போகட்டும். அணைப்பவன் கையைத் தட்டிவிடாமலாவது இருக்க வேண்டாமா? அந்தச் சிறு நாகரிகமும் தவறியதால், 2025 ஜனவரி 9-ம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்ததைத் தோழர்கள் அறிய வேண்டும்.

அந்நகரின் மேற்கே, பாலிசேட்ஸ் பகுதியில் மூன்றாவது நாளாகப் பெருந்தீ. 6,800-க்கும் மேற்பட்ட கட்டடங்களை விழுங்கிய தீ அது! கனடாவின் க்யூபெக் அரசிடமிருந்து வாடகைக்குப் பெற்ற இரு விமானங்கள், கடல்மீது தாழ்ந்து ஓடி, ஒரு தடவைக்கு 6,000 லிட்டர் நீரை அள்ளி வந்து கொட்டின. மற்றவர் நுழையாதபடி அந்த வானமே மூடப்பட்டிருந்தது.

தடையை மீறி ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார். எதற்கு? சேதத்தைப் பார்க்க! இரண்டரைக் கிலோமீட்டர் சென்று கண்ணுக்கு மறைந்த அந்தக் கருவி, ஒரு விமானத்தின் இடது இறக்கையில் மோதி, 6 அங்குல நீளத்துக்கு ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் தீ எரிய, அது சில நாட்கள் முடங்கிக் கிடந்தது.

"400 அடிக்கு மேல் ட்ரோன் பறக்கலாகாது என விதி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் தீயணைக்கும் விமானமும், உயிர் காக்கும் ஹெலிகாப்டரும் அந்த உயரத்துக்குக் கீழே இறங்கித்தானே வேலை செய்யவேண்டும்? விரைந்து வரும் விமானி, கையளவுக் கருவியைக் கண்டு விலக முடியுமா?

தவறு செய்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பழுதுக்காக 65,000 டாலர் தரவும், 150 மணி நேரம் பொதுத்தொண்டு செய்யவும் இசைந்தார். சரி, முடங்கிய நாட்களை யார் திருப்பித் தருவது?

அந்த மோதலுக்கு நான்கே நாள் கழித்து இன்னொன்றும் நடந்தது. ட்ரோன் தயாரிப்பில் உலகில் முதலிடம் வகிக்கும் சீனாவின் டிஜேஐ கம்பெனி, தடைப்பகுதிகளில் கருவி பறக்காதபடி வைத்திருந்த பூட்டை அமெரிக்காவில் எடுத்துவிடுவதாக அறிவித்தது. இனி எச்சரிக்கை மட்டும் தோன்றுமாம்! பொறுப்பு இயக்குபவருடையது என்கிறது கம்பெனி. பூட்டைக் கட்டாயமாக்கும் சட்டமும் அங்கில்லை. மோதியது யார் செய்த கருவி என்பதல்ல நம் கேள்வி. பூட்டில் குறையிருந்தால் திருத்துவதா, கழற்றுவதா?

பட்டறையில் உழைக்கும் தோழனைக் கேளுங்கள். சுழலும் சக்கரத்தைச் சுற்றிக் கம்பித் தடுப்பு வேண்டும் என்பான். தடுப்பைக் கழற்றிவிட்டு, 'கவனம்' என்று பலகை மாட்டும் முதலாளியை நாம் ஏற்போமா? தரையில் ஏற்காததை வானத்தில் மட்டும் ஏன் ஏற்கவேண்டும்?

ட்ரோனை நாம் வெறுக்கவில்லை. வயலுக்கு மருந்து தெளிக்கட்டும், வெள்ளத்தில் சிக்கியவரைத் தேடட்டும். ஆனால் வானம் பொதுச் சொத்து. அதில் உயிரைச் சுமந்து வருபவனுக்கே முதல் வழி. அந்த வழியைக் காப்பது விற்பவனின் தயவாக இருக்கக்கூடாது; சட்டத்தின் கடமையாக இருக்கவேண்டும்!