இறால் ஓட்டில் சட்டையா?

எங்க அம்மா நொச்சிக்குப்பத்துல மீன் விக்கிறாங்க. வீட்டுல இறால் உரிச்ச நாள்ல நான் ஸ்கூலுக்கு வந்தா சில பேர் மூக்கைப் பொத்துவீங்க. கோபம் இல்லை. அந்த ஓடு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பொத்துங்க!

நாம் போடும் பருத்திச் சட்டை பெரும்பாலும் செல்லுலோஸ்தான். குளுக்கோஸ் துண்டுகள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. இறால், நண்டு ஓட்டில் இருப்பது கைட்டின். அதுவும் அதே மாதிரி சங்கிலி. ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் நைட்ரஜன் உள்ள ஒரு பகுதி ஒட்டியிருக்கும். பிரான்ஸ் நாட்டு பிராக்கோனோ 1811இல் இதை முதலில் காளானில் கண்டார்.

நான் ஒரு டம்ளர் வினிகரில் இறால் ஓட்டைப் போட்டுப் பார்த்தேன். குமிழி குமிழியாக வந்தது! சுண்ணாம்பு கரைகிறது. மறுநாள் ஓடு மெத்தென்று வளைந்தது. தொழிற்சாலையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பையும், காஸ்டிக் சோடாவால் புரதத்தையும் நீக்குவார்கள். மிஞ்சும் கைட்டினை அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். (இதை யாரும் வீட்டில் செய்யாதீங்க!) கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து இதை எடுப்பதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

சரி, நூல் எப்படி? தி.நகரில் 'ரேயான்' சுடிதார் வாங்குகிறோமே, அது மரக்கூழ் செல்லுலோஸைக் காரத்தில் கரைத்து, நுண்துளைகள் வழியே இடியாப்பம் மாதிரி அமிலத்துக்குள் பிழிந்து எடுத்த நூல். கைட்டோசானை இதில் கலப்பதில் ஒரு சிக்கல். அது அமிலத்தில்தான் கரையும், காரத்தில் கரையாது. அதனால் அதை மிக நைசான பொடியாக்கிக் கலந்து பிழியலாம். ஜப்பானின் ஓமிகென்ஷி கம்பெனி இப்படிச் செல்லுலோஸோடு நண்டு ஓட்டுச் சரக்கு சேர்த்துச் செய்த நூலின் பெயர் 'க்ராபியான்'.

இதனால் என்ன லாபம்? லேசான அமிலத்தன்மை இருந்தால் கைட்டோசானில் நேர்மின்சுமை வரும். பாக்டீரியாவின் மேற்புறம் எதிர்மின்சுமை. இரண்டும் ஒட்டிக்கொள்ள, பாக்டீரியா பெருகுவது குறையும். ரத்தப்போக்கை நிறுத்தும் கைட்டோசான் கட்டுத்துணிக்கு அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது.

வியர்வை நாற்றத்துக்குக் காரணமே பாக்டீரியாதான். ஆக, நீங்க மூக்கைப் பொத்தின ஓடுதான் நாளைக்கு உங்க சட்டை நாத்தத்தைக் குறைக்கப் போகுது! விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிரிச்சாங்க. "அப்போ குப்பையில கொட்டாம சேத்து வைக்கட்டுமாடா?"ன்னு கேட்டாங்க.

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு