கண்ணுக்குத் தெரியும் தமிழ் காதுக்கு எட்டுகிறதா?

தமிழ் இணையத்தளம் ஒன்றைத் திறக்கிறோம். எழுத்து தெளிவாக இருக்கிறது, படங்கள் பளிச்சிடுகின்றன. தளம் செம்மையாக அமைந்துள்ளது என்று முடிவு செய்கிறோம். அது கண் வழங்கிய தீர்ப்பு மட்டுமே. பார்வையற்றவர் அதே பக்கத்தைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் செவிவழிப் படிக்கிறார். கைநடுக்கம் உள்ளவர் சுட்டியை விடுத்து விசைப்பலகையையே நம்பியிருக்கிறார். செவிப்புலன் குன்றியவர் காணொளியின் அடியில் எழுத்துவரிகளைத் தேடுகிறார். இவர்களுக்கும் அத்தளம் பயன்படுமா என ஆராய்வதே அணுகுதன்மை மதிப்பீடு.

இதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல் உண்டு. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999ஆம் ஆண்டில் தன் முதல் நெறிமுறைகளை வெளியிட்டது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு, 2018இலும் 2023இலும் விரிவாக்கப்பட்டது. உள்ளடக்கம் உணரத்தக்கதாகவும், இயக்கத்தக்கதாகவும், புரிந்துகொள்ளத்தக்கதாகவும், பல்வேறு கருவிகளில் பிழையின்றி இயங்குவதாகவும் இருக்க வேண்டும் என்பன அதன் நான்கு அடிப்படைகள். அவற்றின்கீழ், சோதித்து அறியத்தக்க விதிகள் உள்ளன. சான்றாக, வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்றிருக்க வேண்டும் என்பது இடைநிலைத் தரத்தின் விதி.

இத்தகைய குறைகள் பலவற்றைத் தானியங்கிக் கருவிகள் நொடியில் காட்டிவிடும். ஆயினும், தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய மூன்று குறைகள் அவற்றின் பிடியிலிருந்து எளிதில் தப்பிவிடுகின்றன.

முதலாவது, மொழிக்குறி. ஒரு பக்கம் எம்மொழியில் உள்ளது என்பதை அதன் நிரலில் அறிவிக்க வேண்டும். ஆங்கில வார்ப்புருவில் தமிழை இட்டு, குறியை மாற்றாமல் விட்டால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிலேயே படிக்க முயலும். தமிழ் எழுத்துகளைத் தாவிச் செல்லவும் கூடும். குறி இருக்கிறதா என்று கருவி பார்க்கிறது. அது பொருந்துகிறதா என்பதைப் பெரும்பாலும் மனிதரே பார்க்க வேண்டும். பல மொழிகள் கலந்து வரும் நம் நாட்டுப் பக்கங்களில், ஒவ்வொரு மொழிப் பகுதிக்கும் தனிக்குறி தேவை.

இரண்டாவது, பழைய எழுத்துருக்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் பல இருந்தன. அவற்றில் அமைந்த ஆவணம் கண்ணுக்குத் தமிழ். திரைவாசிப்பானுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்குவியல். ஒரு வரியை நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வராவிட்டால், அந்த ஆவணம் செவிக்கு எட்டாது.

மூன்றாவது, படமாக்கப்பட்ட எழுத்து. போட்டி அறிவிப்பையும் நிகழ்ச்சி அழைப்பையும் ஒரே படமாக வெளியிடுவது நம் அமைப்புகளின் வழக்கமாகிவிட்டது. மாற்று உரை இல்லாத படத்தைத் திரைவாசிப்பானால் சொல்லிக்காட்ட இயலாது. ‘படம் 1’ என்று எழுதிவைத்தால் கருவி நிறைவடையும். கேட்பவருக்கோ நாளும் தெரியாது, இடமும் தெரியாது. பேச்சுப் போட்டியில் வெல்லும் ஆற்றலுள்ள பார்வையற்ற மாணவர், போட்டி நடப்பதையே அறியாமல் போவார்.

ஆகவே மதிப்பீட்டைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். முதலில் தானியங்கிக் கருவி. அடுத்து, சுட்டியை ஒதுக்கிவைத்து, விசைப்பலகையால் மட்டும் பக்கத்தின் இறுதிவரை செல்லுதல். பின்னர், எழுத்தை இருமடங்கு பெரிதாக்கி வரிகள் சிதைகின்றனவா எனக் காணுதல். அதன்பின், கண்களை மூடித் திரைவாசிப்பானைக் கேட்டல். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவச மென்பொருள் தமிழையும் வாசிக்கும். நிறைவாக, மாற்றுத்திறனாளி ஒருவரிடம் ‘பதிவின் இறுதிநாளைக் கண்டறிந்து, பெயரைப் பதியுங்கள்’ என்பது போன்ற பணியொன்றைக் கொடுத்து, இடையில் உதவாமல் கவனித்தல். எங்கே அவர் தயங்குகிறாரோ, அங்கேதான் திருத்தம் தேவை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் உறுதிசெய்தன. தகவலைப் பெறுவதும் அவ்வுரிமைகளுள் ஒன்று. தமிழ் அமைப்புகள் இதற்கெனப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் சங்கம் அண்மையில் வெளியிட்ட அறிவிப்பை இன்றே திறந்து, திரைவாசிப்பானிடம் கொடுத்துக் கேளுங்கள். நாளும் நேரமும் இடமும் காதில் விழுந்தால், அவ்வழைப்பு எல்லாத் தமிழருக்கும் சென்று சேர்ந்தது எனலாம்.